அரிச்சுவடிக்கு ஒரு பட்டப்படிப்பு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவரின் பணிப்பெயர் இடைநிலை ஆசிரியர். தொடக்கப் பள்ளியில் பணியாற்றும் ஒருவரை இடைநிலை ஆசிரியர் என்று அழைப்பதிலுள்ள முரண், சொல் பழகிப்போனதால் பலருக்குக் கண்ணில் படுவதில்லை. 'செகண்டரி கிரேடு' என்ற பழைய மாகாணக் காலத்துப் பிரிவின் தமிழாக்கம் அது. சென்னை மாகாணத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எலிமென்டரி கிரேடு, ஹையர் எலிமென்டரி கிரேடு, செகண்டரி கிரேடு என்று தரம் பிரிக்கப்பட்டபோது, அவர்கள் எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள் என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை. தாங்கள் எந்த வகுப்புவரை படித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தார்கள் என்பதே அளவுகோலாக இருந்தது. ஆசிரியரின் பெயரில் குழந்தைக்கு இடமில்லாமல் போனது இப்படித்தான்.

இந்தப் பெயருக்குப் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது: கற்கும் பிள்ளை எவ்வளவு சிறியதோ, கற்பிப்பவருக்கு அவ்வளவு குறைந்த படிப்புப் போதும் என்ற கணக்கு. மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும், அதற்குக் கீழ் உயர்நிலைக்கு இளநிலைப் பட்டமும் பி.எட்.டும், தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ முடித்தபின் இரண்டாண்டுப் பட்டயமும் என்று படிகள் இறங்கிவருவதில் அந்தக் கணக்கே தொழிற்படுகிறது. பாடப்பொருளின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். உயிரெழுத்தும் வாய்ப்பாடும் தெரிந்துகொள்ள எவரும் பல்கலைக்கழகம் போகவேண்டியதில்லை. ஆனால், ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பதற்கும் அதை இன்னொருவருக்குத் தெரியவைப்பதற்கும் இடையிலுள்ள தொலைவு, கற்பவரின் வயது குறையக் குறையக் கூடிக்கொண்டே போகிறது. அந்தத் தொலைவைப் பற்றிய அறிவு தனக்கென நூல்களும் ஆய்வுமுறைகளும் கொண்ட ஒரு துறை. தொடக்கக் கல்வியைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகப் பயில்வது தேவையா என்ற கேள்வியை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கற்றறிந்தவர் தேவையில்லை என்ற எண்ணத்துக்கு உலக அளவில் ஒரு முறைமையின் வடிவம் கிடைத்ததில் சென்னைக்கும் பங்குண்டு என்பது வரலாற்றின் வேடிக்கை. 1789-ல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் கொண்டுவந்தார்; மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பெல் 1797-ல் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலின் வழியாக இது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியதற்கு முதன்மையான காரணம் அதன் சிக்கனம்: ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். சட்டாம்பிள்ளை மறைந்துவிட்டாலும், அவரை ஏற்றுக்கொள்ளவைத்த சிக்கன மனப்பான்மை இன்னும் மறையவில்லை.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று வலியுறுத்திய 1854-ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1856-ல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கப்பட்டது. ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளிக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் நார்மல் பள்ளி. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது இதுவே. உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு எல்.டி. என்ற தகுதியைச் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கத் தொடங்கியபோது, அவர் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குள் வந்துவிட்டார். தொடக்கப் பள்ளி ஆசிரியரோ கல்வித் துறையின் பயிற்சிப் பள்ளிகளிலேயே நின்றுவிட்டார். அன்று விழுந்த கோடு இன்றும் அப்படியே இருக்கிறது. பி.எட். கல்லூரிகளுக்காக 2008-ல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று தனிப் பல்கலைக்கழகமே நிறுவப்பட்ட பிறகும், தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பான டி.எல்.எட். அதன் வரம்புக்குள் வரவில்லை. அதன் பாடத்திட்டம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கையிலும், தேர்வு பத்தாம் வகுப்புக்குத் தேர்வு நடத்தும் அதே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் கையிலும் இருக்கின்றன. ஆசிரியர் கல்விக்கென்றே அமைந்த ஒரு பல்கலைக்கழகத்தில், எண்ணிக்கையில் பெரும் பிரிவினரான ஆசிரியர்களின் கல்விக்கு இடமில்லை என்பது விவாதிக்கப்படாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட செய்தி.

பட்டப்படிப்பாகப் படிக்க அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஐயத்துக்கு, ஒன்றாம் வகுப்பின் சிலேட்டிலிருந்தே விடை சொல்லலாம். நூற்று ஐந்து என்ற எண்ணை எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அந்தப் பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. நூறைக் காதால் கேட்டு 100 என எழுதி, ஐந்தைக் கேட்டு அதன் பக்கத்தில் 5 என எழுதியிருக்கிறது. ஒலியின் வரிசைப்படி எண்ணை எழுதும் அந்தத் தருக்கம் தன்னளவில் ஒழுங்கானது. பிள்ளைக்கு இன்னும் பிடிபடாதது இடமதிப்பு, அதாவது ஓர் இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்ற ஏற்பாடு. மனித குலம் பல நூற்றாண்டுகள் செலவிட்டு அடைந்த அந்த ஏற்பாட்டை ஆறு வயதில் சில வாரங்களில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கிறது. இதன் மேல் தமிழ் எண்ணுப்பெயர்களின் தனிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: ஒன்பது என்ற பெயர் பத்தைச் சேர்ந்ததுபோல ஒலிக்கிறது, தொண்ணூறில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. எழுபது, எண்பது என்று ஏறிவந்த பிள்ளை அடுத்ததாகத் தொண்ணூறில் தடுமாறினால், தடுமாற்றத்தின் வேர் மொழியில் இருக்கிறது. இதை அறிந்த ஆசிரியரும் அறியாத ஆசிரியரும் ஒரே சிலேட்டில் வெவ்வேறு செய்திகளைப் படிப்பார்கள்.

கழித்தலிலும் இதுவே நிகழ்கிறது. 52-லிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதும் பிள்ளை, ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டு அதை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று வகுப்பறைகளில் வழங்கும் வாசகம் விடையைச் சரியாக்கிவிடும். ஆனால் கடனாக வந்தது ஒன்றா பத்தா, திருப்பித் தராத கடன் எப்படிக் கடனாகும் என்று கேட்கும் பிள்ளைக்கு அந்த வாசகத்தில் பதில் இல்லை. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்குகிறோம் என்ற கருத்தைக் குச்சிக் கட்டுகளை வைத்தோ வேறு வழியிலோ எப்போது, எந்த வரிசையில் காட்டுவது என்று தீர்மானிப்பதற்குக் கணிதமும் தெரிந்திருக்க வேண்டும், குழந்தையின் சிந்தனை வளரும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாய்க் கலந்த இந்த மூன்றாவது வகை அறிவை அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-ல் எழுதிய கட்டுரையில் தனியாகப் பிரித்துக் காட்டினார். 'கற்பித்தல்சார் பாட அறிவு' என்று தமிழில் சொல்லத்தக்க அந்தக் கருத்து, பாடம் தெரிந்தவரெல்லாம் கற்பிக்கலாம் என்ற நம்பிக்கையையும், கற்பிக்கும் உத்தி தெரிந்தால் எந்தப் பாடத்தையும் நடத்திவிடலாம் என்ற நம்பிக்கையையும் ஒருசேரக் கேள்விக்குள்ளாக்கியது.

எழுத்தறிவித்தலில் இந்த மூன்றாவது அறிவின் தேவை இன்னும் கூர்மையாகத் தெரியும். தமிழ் எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழு என்பதைச் சுமையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் பிள்ளை கற்க வேண்டியது முப்பது அடிப்படை எழுத்துகளையும், ஆய்தத்தையும், உயிர்க்குறிகள் சேரும் முறையையும்தான். ஆனால் அந்தக் குறிகள் ஒரே சீராக நடந்துகொள்வதில்லை. 'கெ' என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னே வருகிறது. 'கொ'வில் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் மறுபக்கமும் நின்று ஓர் ஒலியைக் குறிக்கின்றன. கு, சு, டு, து என்று உகரக் குறி மெய்க்கு மெய் உருமாறுகிறது. ககரத்தை முதலில் எழுதிவிட்டுக் கொம்பை அதற்குப் பின்னே போடும் பிள்ளை, ஒலிகளின் வரிசையைச் சரியாகக் கேட்டிருக்கிறது என்பதே பொருள். சிவப்பு மையால் அதைச் சுழிப்பவருக்கு அந்தச் சரி கண்ணில் படாது.

இதைவிட ஆழமான சிக்கல் வீட்டுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையிலுள்ளது. ஒரே மொழிக்குள் உயர்ந்ததாகக் கருதப்படும் எழுத்து வழக்கும் அன்றாடப் பேச்சு வழக்கும் தனித்தனியே இயங்கும் நிலையை மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் விளக்கிய பிறகு, அது 'இரட்டை வழக்கு' என்ற பெயரில் தமிழாய்விலும் நிலைபெற்றது. 'அஞ்சு', 'படிச்சேன்', 'வூட்டுக்கு' என்று பேசிக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளை, 'ஐந்து', 'படித்தேன்', 'வீட்டுக்கு' என்பவற்றைப் படிக்கும்போது ஏறத்தாழ இன்னொரு மொழியின் வாசலில் நிற்கிறது. வீட்டில் தெலுங்கோ உருதோ கன்னடமோ பழங்குடி மொழியோ பேசும் பிள்ளைக்கு அது இரண்டாவது வாசல். பேச்சு வழக்கைத் தவறு என்று திருத்தும் வகுப்பில், தன் தாய் பேசுவது தவறு என்ற பாடத்தையும் பிள்ளை கூடவே கற்றுக்கொள்கிறது. பேச்சிலிருந்து எழுத்துக்கு எப்படிப் பாலம் கட்டுவது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு திருத்துவது என்பவை ஒலியியலும் சமூக மொழியியலும் தெரிந்த ஒருவர் வகுப்பறையில் உட்கார்ந்து ஆராய வேண்டிய கேள்விகள். தமிழ்ப் பிள்ளைகள் வாசிக்கக் கற்கும் விதம் பற்றிய ஆய்வுகள் அரிதாகவே நிகழ்வதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அல்ல. தொடக்கக் கல்வியைத் தன் துறையாகக் கருதும் பல்கலைக்கழகத் துறைகள் இல்லாதபோது அந்த ஆய்வை யாரும் செய்ய இடமில்லை.

பட்டம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுவோர் பதில் சொல்ல வேண்டிய சான்று ஒன்று உண்டு. சீனாவில் பிறந்து, கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஒரு கிராமப் பள்ளியில் கற்பித்து, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்த லிபிங் மா, 1999-ல் வெளிவந்த தம் நூலில் 23 அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையும் 72 சீனத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையும் ஒப்பிட்டார். ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கும் கணக்கு இருதரப்பினருக்கும் தரப்பட்டது. சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியான விடை கண்டார்கள்; பட்டம் பெற்ற அமெரிக்க ஆசிரியர்களில் சரியான விடை கண்டவர்கள் ஒன்பது பேர். அந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஒரு கதையைச் சொல்லுமாறு கேட்டபோது, ஒன்றேமுக்காலை இருவருக்குப் பங்கிடும் கதையைப் பலர் சொன்னார்கள். அது அரையால் வகுத்தல் ஆகாது, பாதியாக்குதல், அதாவது இரண்டால் வகுத்தல். ஒன்றேமுக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் செம்புகளில் ஊற்றினால் எத்தனை செம்பு நிரம்பும் என்று கேட்டிருந்தால் மூன்றரை என்ற விடை தானே வந்திருக்கும். இதில் வியப்பு என்னவென்றால், அந்தச் சீன ஆசிரியர்கள் பல்கலைக்கழகம் போனவர்கள் அல்லர். பொதுவாக ஒன்பதாண்டுப் பள்ளிப் படிப்பும் இரண்டு மூன்று ஆண்டு நார்மல் பள்ளிப் பயிற்சியும் பெற்றவர்கள்.

பட்டயமே போதும் என்பதற்குச் சான்றாக இதை எடுத்துக்காட்ட முடியும். ஆனால் மாவின் விளக்கம் வேறு திசையில் போகிறது. சீன ஆசிரியர்களின் அறிவு பெரும்பாலும் பணியில் சேர்ந்த பிறகு வளர்ந்தது. சக ஆசிரியர்களோடு கூடி அமர்ந்து, பாடநூலை வரிவரியாக விவாதித்து, ஒரே பாடத்தைப் பலர் எப்படி நடத்தினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அவர்களின் பள்ளி நாளின் பகுதியாகவே இருந்தது. அமெரிக்க ஆசிரியர்களின் பட்டப்படிப்பிலோ தொடக்கப் பள்ளிக் கணிதம் மிகவும் எளியதென்று கருதப்பட்டு ஆராயப்படாமலே விடப்பட்டிருந்தது. ஆகவே, பிளஸ் டூவுக்கு மேல் மூன்றாண்டு இயற்பியலோ வரலாறோ படித்துவிட்டு வருவதால் மட்டும் ஒன்றாம் வகுப்புக்கு எந்த நன்மையும் இல்லை. வேண்டியது ஒன்றாம் வகுப்பின் பாடப்பொருளையே பல்கலைக்கழகத் தரத்தில் ஆராயும் படிப்பு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பட்டப்படிப்பை ஆதரிப்பவர்கள் பி.எட்.டின் குறைகளைத் தொடக்கப் பள்ளிக்குள்ளும் கொண்டுவந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு படிப்பு இந்தியாவில் இருந்திருக்கிறது. 1966-ல் அறிக்கை தந்த கோத்தாரி ஆணையம், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழக வாழ்விலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் துண்டித்துக் கிடப்பதை அவற்றின் அடிப்படைக் குறையாகக் கண்டு, அந்தத் தனிமையை நீக்கப் பரிந்துரைத்தது. அதற்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1994-ல் தில்லிப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ முடித்தவர்களுக்காக பி.எல்.எட். எனப்படும் நான்காண்டு இளநிலைத் தொடக்கக் கல்விப் பட்டத்தைத் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான கல்வியை மையமாகக் கொண்ட அந்தப் படிப்பில், குழந்தை வளர்ச்சி, மொழியின் இயல்பு, குழந்தை மொழி கற்கும் விதம், அறிதலும் கற்றலும், சமகால இந்தியா, பாலினமும் பள்ளியும் ஆகியவை பாடங்களாக அமைந்தன. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றின் பள்ளிநிலைக் கருத்துகளை மாணவர்கள் அடியிலிருந்து திரும்பப் படித்தார்கள். பிளஸ் டூவில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர்களும் பின்னங்களைப் பெருக்கினால் ஏன் சிறியதாகிறது என்ற கேள்வியின் முன் மீண்டும் உட்காரவேண்டியிருந்தது. குழந்தைகளை உற்றுநோக்கிப் பதிவு செய்தல், நாடகம், கைவினை, தன்னைத் தானே அறியும் பட்டறைகள் ஆகியவற்றோடு, நான்காம் ஆண்டில் 17 வாரங்கள் தொடர்ந்து பள்ளியில் கற்பிக்கும் பணிப்பயிற்சியும் இருந்தது. சில வாரங்கள் பாடக்குறிப்பு ஏடுகளை நிரப்பிக் கையொப்பம் வாங்கும் பழக்கமான 'கற்பித்தல் பயிற்சி'யிலிருந்து இது வெகுதூரம்.

அந்தப் படிப்பின் குறையும் சொல்லப்பட வேண்டும். அது நடந்த தில்லிக் கல்லூரிகள் எல்லாம் மகளிர் கல்லூரிகளாகவே இருந்ததால், சிறு பிள்ளைகளின் கல்வி பெண்களுக்கு உரிய வேலை என்ற பழைய எண்ணத்தை அது தொடவில்லை. முன்மாதிரி என்று அனைவரும் போற்றியபோதும் பிற பல்கலைக்கழகங்களுக்குப் பரவலாகச் செல்லவும் இல்லை. 2012-ல் அறிக்கை தந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் ஆசிரியர் கல்வி முழுவதையும் உயர்கல்வியின் பகுதியாக்கப் பரிந்துரைத்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020, நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட்.டை 2030-க்குள் ஆசிரியர்களின் குறைந்தபட்சத் தகுதியாக்கும் இலக்கை வைத்தது. பி.எல்.எட். இருந்த இடத்தில் ஐடெப் எனப்படும் அந்த ஒருங்கிணைந்த படிப்பைக் கொண்டுவரத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவை 2023-ல் ஒப்புதல் தந்தபோது ஆசிரியர்கள் எதிர்த்ததற்குக் காரணம் உண்டு. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற பட்டங்களோடு பி.எட்.டை இணைத்து, எல்லா நிலை ஆசிரியர்களையும் ஒரே சட்டகத்துக்குள் உருவாக்கும் ஏற்பாட்டில், தொடக்கக் கல்வி தனித் துறையாகப் பெற்ற இடம் கரைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். தொடக்க ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டார், ஆனால் தொடக்கக் கல்வி வெளியே நிற்கிறது என்ற நிலை உருவாக இதில் இடமிருப்பது உண்மை.

ஃபின்லாந்தின் எடுத்துக்காட்டு இங்கு அளவுக்கு மீறி மேடைகளில் பேசப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1863-ல் யுவாஸ்கூலா நகரில் முதல் ஃபின்னிய மொழி ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தோன்றிய அந்த நாடு, 1970-களில் தொடக்க ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றி, 1979-ல் முதுகலைப் பட்டத்தைத் தகுதியாக்கியது. இதில் அதிகம் பேசப்படாத பகுதி, பல்கலைக்கழகங்களோடு இணைந்து இயங்கும் பயிற்சிப் பள்ளிகள்: மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை எப்படியோ அப்படி. அங்கு மாணவர் எழுதும் ஆய்வேட்டுக்கு, தம் வகுப்பில் நடப்பதைத் தாமே ஆராயும் பழக்கத்தை உண்டாக்குவது நோக்கம்.

இந்தியாவில் நீதிமன்றமும் இந்தப் பொருளுக்குள் வர நேர்ந்தது. பி.எட். பட்டதாரிகள் ஆறு மாத இணைப்புப் பயிற்சியுடன் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூனில் அறிவித்ததை, 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கத் தனித் திறன் வேண்டும், பி.எட். அதற்கென வடிவமைக்கப்பட்டதன்று என்பது தீர்ப்பின் சாரம். பட்டயதாரிகளின் வேலைவாய்ப்பைக் காத்த தீர்ப்பாகவே அது பெரிதும் பேசப்பட்டது. கூடுதல் படிப்பு தானாகவே கூடுதல் தகுதி ஆகிவிடாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதில் பொதிந்துள்ள கல்வியியல் கருத்தைப் பேசியவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் பட்டயப் படிப்பின் கதை வேறொரு வகையில் பாடம் தரும். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வேலைவாய்ப்பக மூப்பை நம்பித் தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. கல்வி உரிமைச் சட்டத்தின் விளைவாகத் தகுதித் தேர்வு கட்டாயமாகி, 2012-ல் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களே தேறினார்கள். நியமனங்களும் அருகின; நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. படிப்பின் தரம் எந்த நாளிலும் சந்தையின் கவலையாக இருக்கவில்லை. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தவரை சேர்ந்தார்கள், அது போனதும் சேரவில்லை.

வேலையில் சேர்ந்தவர்களின் நிலையும் படிப்பின் மதிப்பைக் கூட்டவில்லை. 2009 ஜூன் 1-ஆம் நாளுக்கு முன் நியமனம் பெற்ற இடைநிலை ஆசிரியருக்கு 8,370 ரூபாயும் அன்றும் அதன் பின்னரும் நியமனம் பெற்றவருக்கு 5,200 ரூபாயும் அடிப்படை ஊதியமாக நிர்ணயிக்கப்பட்டதால் எழுந்த 'சம வேலைக்குச் சம ஊதியம்' போராட்டம் பல ஆண்டுகளாகச் சென்னைக்கு வந்துபோய்க்கொண்டிருக்கிறது. பணி உயர்வின் திசையும் கவனிக்கத்தக்கது: இடைநிலை ஆசிரியர் பட்டதாரி ஆசிரியராக உயரும்போது சிறு பிள்ளைகளை விட்டுப் பெரிய பிள்ளைகளிடம் போகிறார். ஒன்றாம் வகுப்பில் தேர்ந்தவராகி ஒன்றாம் வகுப்பிலேயே மேலே போக வழியில்லாத ஓர் அமைப்பில், அந்த வகுப்புக்கென நான்காண்டு படிக்க யார் முன்வருவார் என்ற கேள்வி நியாயமானது.

மாநிலம் கல்விமுறையில் புதுமை செய்யாமல் இருந்துவிடவில்லை. ரிஷி பள்ளத்தாக்குக் கிராமப் பள்ளிகளின் அட்டைமுறையிலிருந்து வளர்ந்த செயல்வழிக் கற்றல், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துக் குழுவாக்குகிறது. இரண்டிலும் நல்ல சிந்தனை உண்டு. ஆனால் அட்டையையும் கையேட்டையும் வேறெங்கோ ஒரு குழு உருவாக்கி, ஆசிரியர் அதை நடைமுறைப்படுத்துபவராகவும், செய்ததைச் செயலியில் பதிவேற்றுபவராகவும் அமைக்கப்பட்டிருப்பதில், அவருடைய சொந்தத் தீர்மானத்துக்கு எவ்வளவு இடம் என்று கேட்காமல் இருக்க முடியாது. அட்டை ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்று தெரிந்தவரால்தான் ஒரு பிள்ளைக்காக வரிசையை மாற்ற முடியும். தெரியாதவர் அட்டையைத் தூக்கி வைப்பார், அதிகாரி மாறித் திட்டம் மாறினால் அட்டையை எடுத்து மூலையில் வைப்பார்.

பட்டப்படிப்புக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. இரண்டாண்டுப் பட்டயம், கிராமப்புற ஏழைக் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பெண்களுக்கு விரைவில் ஒரு மாதச் சம்பளத்தைத் தேடித் தந்த படி. அதை நான்காண்டாக நீட்டினால், தாங்கள் கற்பிக்கப்போகும் பிள்ளைகளின் வீட்டையும் பேச்சையும் அறிந்த அந்தப் பெண்களே வெளியே நின்றுவிடுவார்கள். ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்த நகரத்து மாணவர்கள் உள்ளே வருவார்கள். இந்த அச்சம் கற்பனையானதன்று. உதவித்தொகையும் விடுதியும் இல்லாத பட்டப்படிப்பு அதைத்தான் செய்யும். இரண்டாண்டு முடித்தவர் வேலையில் சேர்ந்து, பின்னர் பணிக்காலத்திலேயே மீதி இரண்டாண்டைத் தம் வகுப்பறையை ஆய்வுக்களமாகக் கொண்டு முடிக்கும்படி படிப்பைப் பிரித்து அமைப்பது நடைமுறைக்கு உகந்த வழி. சீன ஆசிரியர்களிடம் மா கண்ட பணிக்கால வளர்ச்சிக்கும் அதுவே நெருக்கமானது. இலங்கையின் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாண்டில் ஓராண்டு முழுவதும் பள்ளியில் உள்ளகப் பயிற்சியாகக் கழிவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

குழந்தைகளோடு வாழ்நாளைச் செலவிட விரும்பும் இளைஞருக்கு இந்தப் படிப்பு திறக்கும் கதவுகள் வகுப்பறையோடு முடிவதில்லை. பாடநூல் ஆக்கம், குழந்தை நூல் பதிப்பு, சிறப்புக் கல்வி, முன்பருவக் கல்வி, நூலகங்களின் சிறுவர் பிரிவு ஆகிய எல்லாவற்றிலும், குழந்தையை அறிந்தவர் என்று சான்று காட்டத்தக்கவர்கள் இன்று குறைவு. ஆயினும் பட்டம் முதலில் வகுப்பறைக்குள் மதிக்கப்படாவிட்டால் மற்றக் கதவுகள் தப்பியோடும் வழிகளாகவே பயன்படும்.

மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்குக் கட்டடமும் விடுதியும் சுற்றிலும் பள்ளிகளும் உள்ளன. அவற்றைப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பது ஓர் ஆணையில் முடியும் காரியம். அங்கு யார் கற்பிப்பது என்பதே கடினமான பகுதி. விரிவுரையாளருக்கு வழக்கமாகக் கேட்கப்படும் தகுதி ஒரு முதுகலைப் பட்டமும் எம்.எட்.டும் என்பதால், தொடக்க ஆசிரியர்களை உருவாக்குபவர்களில் பலர் ஒன்றாம் வகுப்பில் ஓராண்டுகூட நின்றதில்லை. இருபதாண்டு எழுத்தறிவித்த ஒருவரை அந்தத் துறைக்குள் அழைத்துவர, பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று முதல் பார்வைக்கு ஏற்றதாகத் தெரியும்: ஒரு தொழிலில் நெடுங்கால அனுபவம் உள்ளவரை, ஆய்வுப் பட்டம் இல்லாவிட்டாலும், அனுபவப் பேராசிரியராக நியமிக்கலாம். பொறியாளர், தொழில்முனைவோர், வழக்கறிஞர், இதழாளர், கலைஞர் என்று பலருக்கும் அது இடம் தருகிறது. கற்பிக்கும் பணியில் இருப்பவர்களுக்கும் அதிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தத் திட்டம் பொருந்தாது என்று அதன் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. கல்லூரி ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதியாக அது இருக்கலாம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் அந்தப் பக்கம் வரக்கூடும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.